நிறையாத குழி

கன்யாமா, லுசாக்கா
1993 ஜனவரி 17

மலீதாவோட அம்மா எஸ்நாலாவுக்கு, மசாவுசோ சொல்லி எழுதறது.

நான் நல்லா இருக்கேன். நீயும் புள்ளையும் எப்படி இருக்கீங்க? நான் கைநாட்டுதான்னு உனக்குத் தெரியும். எழுதறது நம்ம கங்வா. தையல் மெஷினை மூடிப் போட்டு, அந்தப் பலகை மேலயே தாளை வெச்சு எழுதறான். நான் ஒண்ணு சொன்னா அவன் ஒண்ணு எழுதிருவானோன்னு பயமாத்தான் இருக்கு. கொரங்கு திங்கற பெம்பாக்காரன் வேற எப்படி எழுதுவான்?

(தங்கச்சி, இது கங்வா. எலி திங்கற இங்கோனிக்காரன் என்ன சொன்னாலும் அப்படியே எழுதறேன். நடுவுல மூக்கைச் சிந்தினான், அதை மட்டும் விட்டுட்டேன்.)

மழை விட்டபாடில்ல. நீ படுக்கற மூலையில கூரை ஒழுகுது. அடியில சட்டி வெச்சேன். சட்டியில சொட்டற சத்தத்துல தூக்கம் வரலைன்னு சட்டிக்குள்ள துணியைப் போட்டேன். அப்புறம் சத்தம் இல்லையேன்னு தூக்கம் வரல. பக்கத்து வீட்டு ஆடு ஒண்ணு நம்ம ஆடற கதவைத் தள்ளிக்கிட்டு வந்து, மலீதாவோட பாயில ஒரு ஓரத்தைத் தின்னுட்டுப் போயிருச்சு. அடிக்கலாம்னு கட்டையை எடுத்தேன். பாயைத் தேடி ஒரு ஜீவனாவது வந்துச்சேன்னு விட்டுட்டேன்.

நம்ம கங்வா பொண்டாட்டி முசொண்டாவோட எழவுக்கு நீ இல்ல. நீ போன நாலாம் நாள் அவ போயிட்டா. காலரா ஆஸ்பத்திரிக் கூடாரத்துக்காரங்க பெட்டியை ஆணி அடிச்சுக் குடுத்தாங்க. குளிப்பாட்டக் கூடாது, தொறக்கக் கூடாது, எழவு வீட்டுல சோறு போடக் கூடாதுன்னாங்க. காலராவுல போனவங்களுக்கு அப்படித்தானாம். ஆனா ரெண்டு இனத்துக்கும் காலகாலமா கேலி முறைன்னு ஒண்ணு இருக்குல்ல? பெம்பாக்காரன் வீட்டு எழவுல இங்கோனிக்காரன் கேலி பண்ணாம குழியை மூடலாமா? நான்தான் தோண்டினேன், நானே உள்ள படுத்துக்கிட்டேன். "கூலிக்குக் கொரங்குக் கறி வந்தாத்தான் எந்திரிப்பேன், இல்லேன்னா உங்க வீட்டம்மாவை வேற எங்கயாவது கொண்டு போங்கடா"ன்னு கத்தினேன். பொம்பளைங்க அழுதுக்கிட்டே சிரிச்சாங்க. கங்வா மூணு நாள் வாயில தண்ணி படாம இருந்தவன், அவனும் சிரிச்சான்.

(சிரிச்சேன். அன்னிக்கு அது இல்லேன்னா நானும் உள்ள படுத்திருப்பேன்.)

இப்ப விசயத்துக்கு வரேன். மலீதா படுத்திருந்த கூடார வாசல்ல நான் பேசினது கொஞ்சம் சத்தமாப் போயிருச்சு. நாலு பேரு முன்னாடி பேசியிருக்கக் கூடாது. ஆனா எஸ்நாலா, ரோட்டோரத்துல ஈ மொய்ச்ச பொரிச்ச மீனை வாங்கி நீ புள்ளைக்குக் குடுத்தது நிஜந்தானே? அதை விட்டுட்டு நான் வெட்டின கெணத்து மேல பழி போட்டா எப்படி? ஏழு வருசமா நாம குடிச்ச தண்ணி.

உன் தட்டு ரெண்டும் நீ கவுத்து வெச்ச மாதிரியே இருக்கு. நான் தொடல. வந்துரு.

மசாவுசோ


சிப்பாட்டா
1993 பிப்ரவரி 2

மலீதாவின் அப்பாவுக்கு,

கடிதம் பஸ் கண்டக்டர் மூலம் கிடைத்தது. மலீதா தேறி வருகிறாள். களி ஒரு கைப்பிடி சாப்பிட்டவள் இப்போது இரண்டு கைப்பிடி சாப்பிடுகிறாள். கால்கள் மட்டும் இன்னும் குச்சியாக இருக்கின்றன.

முசொண்டா அக்கா போன செய்தியை உங்கள் கடிதத்தில்தான் அறிந்தேன். அதைக் கங்வா அண்ணன் கையாலேயே எழுத வைத்திருக்கிறீர்கள். அண்ணா, நீங்கள் இதைப் படிக்கும்போது சத்தமாகப் படிக்க வேண்டாம், இந்த வரியை உங்களுக்காக எழுதுகிறேன். என் மகள் கூடாரத்தில் கிடந்த இரண்டு இரவும் உப்புச் சர்க்கரைத் தண்ணீரைக் கரண்டி கரண்டியாக ஊட்டியது அக்காதான். நான் விழுந்து தூங்கிவிட்டேன். அவர் தூங்கவில்லை. அவருக்கு ஊட்ட நான் அங்கே இல்லை.

இனி உங்களுக்கு. சத்தமாகப் பேசியது அல்ல என் குறை. நீங்கள் பேசியது என்ன என்பதுதான். "பெத்தவளே புள்ளைக்கு வெசம் வெச்சா" என்று சொன்னீர்கள். பக்கத்தில் படுத்திருந்த குழந்தைகளின் தாய்மார் எல்லோரும் திரும்பி என்னைப் பார்த்தார்கள். அதற்குப் பிறகு என்னிடம் யாரும் ஒரு டம்ளர் கேட்டு வாங்கவில்லை.

மழைக்காலத்தில் கிணற்றுத் தண்ணீரில் வாடை வருகிறது என்று மூன்று வருடமாகச் சொல்கிறேன். "உன் மூக்கைக் கழுவு" என்றீர்கள். மீனை நானும்தான் தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. முசொண்டா அக்கா மீனே தின்ன மாட்டார். இதை யோசித்தீர்களா?

யார் முன்னால் அதைச் சொன்னீர்களோ அவர்கள் முன்னால் அதைத் திரும்ப எடுங்கள். அதுவரை இங்கேதான் இருப்பேன்.

மலீதா என் சித்தப்பா வீட்டுத் தானியப் பானைக்குள் தலையை விட்டுத் தன் பெயரைக் கூப்பிடுகிறாள். நம் கிணறு போல அது திருப்பிச் சொல்வதில்லையாம். "அப்பா கெணறு இப்ப யாரைக் கூப்பிடுது?" என்று கேட்டாள். உங்களைக் கேட்டு எழுதுகிறேன் என்றேன்.

எஸ்நாலா


கன்யாமா
1993 பிப்ரவரி 20

எஸ்நாலாவுக்கு,

உன் கடுதாசி வந்துச்சு. கங்வா முதல்ல தனக்குள்ளயே படிச்சான். அப்புறம் எந்திரிச்சுப் போயி கொஞ்ச நேரம் கழிச்சு வந்துதான் எனக்குப் படிச்சான்.

புள்ளைக்கு ரெண்டு கைப்பிடியா? கடலைப் பொடி சேத்துக் கீரை ஆக்கிக் குடு, அது எறங்கும்.

இங்க சுகாதார ஆபீசுலருந்து ஒரு அம்மா வந்துச்சு. நாமுகோலோன்னு பேரு. முட்டி வரைக்கும் ரப்பர் பூட்ஸ். அந்த பூட்ஸைப் பாத்து நம்ம தெரு நாயிங்க பட்ட பாடு இருக்கே! ஒரு நாய் பூட்ஸைக் கடிச்சு இழுக்க, அந்தம்மா ஒத்தக் காலுல நின்னுக்கிட்டு, "ஐயா, இந்தத் தெருவுல கக்கூஸ் குழியெல்லாம் யாரு தோண்டினது?"ன்னு கேக்குது. எல்லாக் கையும் என்னையத்தான் காட்டுச்சு.

"எந்தக் குழி சீக்கிரம் நெறையாது?"ன்னுச்சு.

எனக்கு நெஞ்சு இம்புட்டு ஆயிருச்சு. உனக்குத் தெரியும்ல, கன்யாமா பூமி முழுக்கப் பாறை. ஆறு அடியில கையைச் சுட்டுக்கிட்டு ஓடிப் போனவனுங்க எத்தனை பேரு! நான் மட்டும் எப்படித் தோண்டறேன்? கடப்பாரையைப் போட்டு காது குடுத்துக் கேப்பேன். ணங்னு சத்தம் வந்தா பாறை, போகாது. தொம்முன்னு வந்தா கீழ வெடிப்பு, மண்ணு எறங்கும். அங்கதான் தோண்டுவேன். கங்வா வீட்டுக் குழி அப்படித் தோண்டினது. ஆறு வருசம், ஒரு தடவை அள்ளினது கெடையாது. மத்தவன் குழியெல்லாம் மழைக்கு மழை பொங்கி வாசல்ல நிக்குது. இவன் குழி நிறையவே நிறையாது. கூட்டிட்டுப் போயிக் காட்டினேன். "என் கை வேலைம்மா"ன்னு சொன்னேன்.

(நானும் பக்கத்துல நின்னு, "நாங்க கொஞ்சமாத்தான் திங்கறோம், எலி திங்கறவன் வீட்டுல போயிப் பாருங்க"ன்னேன்.)

அந்தம்மா ஒரு டப்பாவுலருந்து பொடியை எடுத்துக் குழிக்குள்ள கொட்டி, ரெண்டு வாளி தண்ணி ஊத்துச்சு. பொடியாப் பாத்தா செங்கல் நெறம். தண்ணி பட்டதும் பச்சை. கிளிப்பச்சை. "நாலு நாள் கழிச்சு வரேன், அதுக்குள்ள எங்கயாவது இந்தப் பச்சையைப் பாத்தா சொல்லுங்க"ன்னு சொல்லிட்டுப் போச்சு. டீ போடட்டுமான்னா வேணாம்னுருச்சு. நம்ம தெருவுல எதுவும் குடிக்காதாம்.

அப்புறம், கெணத்துல ஒரு எலி விழுந்து செத்துருச்சு. அதனால கயிறையும் வாளியையும் கழட்டி வெச்சுட்டேன். இப்ப எல்லாரும் சந்தைக்கு அந்தாண்ட இருக்கற கொழாய்க்குப் போறாங்க. பெரிய வரிசை. திட்டறாங்க.

(எலி விழுந்துச்சாம், எடுத்துத் திங்காம கயிறைக் கழட்டினானாம். உன் புருசனுக்கு உடம்பு சரியில்ல தங்கச்சி, சீக்கிரம் வா.)

மலீதாகிட்ட சொல்லு, கெணறு யாரையும் கூப்பிடலைன்னு.

மசாவுசோ


சிப்பாட்டா
1993 மார்ச் 6

மலீதாவின் அப்பாவுக்கு,

இந்தக் கடிதத்தைக் கண்டக்டரே உங்களுக்குப் படித்துக் காட்டுவார். அவருக்கு நம் தெருவில் யாரையும் தெரியாது. கங்வா அண்ணனிடம் காட்ட வேண்டாம்.

ஒன்பது வருடம் உங்களோடு வாழ்ந்திருக்கிறேன். சந்தைக்குப் போய் உப்பு வாங்கி வந்த கதையை, உப்பு விற்றவளின் மாமியார் கதையோடு சேர்த்துச் சொல்கிற மனுசன் நீங்கள். ஆடு பாயைத் தின்றதை எழுதுகிறீர்கள். நாய் பூட்ஸைக் கடித்ததை எழுதுகிறீர்கள். அந்த அம்மா பொடி போட்டதை எழுதினீர்கள். நாலு நாள் கழித்து வந்தாரா, பச்சை எங்கே தெரிந்தது, எதுவும் எழுதவில்லை. உங்கள் வாழ்க்கையில் முடிவு சொல்லாமல் நீங்கள் விட்ட கதை இது ஒன்றுதான்.

எலி விழுந்தால் நீங்கள் ஒரே பகலில் கிணற்றை இறைத்துவிடுவீர்கள். முன்பு கோழி விழுந்தபோது அப்படித்தான் செய்தீர்கள். ஏன் கயிற்றைக் கழற்றினீர்கள்?

படித்து முடித்ததும் கொஞ்ச நேரம் வெளியே போய் உட்கார்ந்தேன். உங்கள் மேல் கோபம் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. நீங்கள் தனியாக அந்தக் கிணற்றடியில் நிற்பதுதான் கண்ணில் வந்தது. பக்கத்தில் நான் இருந்திருக்க வேண்டும் என்று தோன்றியது. அதற்காக என் மேல் கோபம் வந்தது.

எனக்குப் பதில் எழுதுங்கள். ஆனால் ஒன்று. பள்ளி வாத்தியாரையோ, சர்ச் மூப்பரையோ வைத்து எழுத வேண்டாம். கங்வா அண்ணன் கையால் எழுதி வர வேண்டும். வேறு கையெழுத்தில் வந்தால் படிக்காமல் அடுப்பில் போடுவேன். என்னிடம் சொல்வது உங்களுக்குச் சுலபம், தூரத்தில் இருக்கிறேன். அண்ணனிடமும் சொல்ல வேண்டும்.

மலீதா ஓடுகிறாள். நேற்று கோழியைத் துரத்தினாள்.

எஸ்நாலா


கன்யாமா
1993 மார்ச் 24

எஸ்நாலாவுக்கு,

கங்வா, எழுது. நான் சொல்றதை நிறுத்தாம எழுது. நடுவுல என்னையப் பாக்காத, தாளைப் பாரு.

எஸ்நாலா, பொடி போட்ட மறுநாள் விடியறப்ப நான்தான் முதல் வாளி எடுத்தேன். பச்சை. வெளிச்சம் பத்தலையோன்னு வாளியைத் தூக்கிட்டு வாசலுக்கு வந்து பாத்தேன். கிளிப்பச்சை. கொட்டிட்டேன். அடுத்த வாளியும் பச்சை. ஊரு முழிக்கறதுக்குள்ள எறைச்சு எறைச்சுக் கொட்டினேன், கை மரத்துப் போச்சு. அப்புறம்தான் கயிறைக் கழட்டி எலிக் கதையைச் சொன்னேன். நாலாம் நாள் அந்தம்மா வந்து கேட்டப்ப, "பச்சையெல்லாம் ஒண்ணும் பாக்கலைம்மா"ன்னு சொன்னேன். அது என் மொகத்தைப் பாத்துட்டுப் போச்சு.

கெணறும் தொம்முன்னு சத்தம் வந்த எடந்தான். கங்வா வீட்டுக் குழியும் தொம்முன்னு வந்த எடந்தான். ரெண்டுக்கும் நடுவுல முப்பது அடி. ரெண்டும் ஒரே வெடிப்பு. அந்தக் குழி ஏன் நிறையலைன்னு ஆறு வருசத்துல ஒரு நாள் நான் யோசிச்சிருக்கணும். உள்ள போட்டது எங்கயாவது போகணும்ல? போயிருக்கு. நம்ம கெணத்துக்குத்தான் போயிருக்கு. மழைக்கு மழை மத்த குழியெல்லாம் பொங்கி அசிங்கப்பட்டுச்சு, அதைக் கண்ணால பாத்தாங்க, ஒதுங்கிப் போனாங்க. என் குழி பொங்கல. அதைத்தான் மெச்சிக்கிட்டோம்.

மலீதா குடிச்சது அதைத்தான். கங்வா, முசொண்டா குடிச்சதும்


(தங்கச்சி, இது கங்வா. அன்னிக்கு அதுக்கு மேல எழுதல. இன்னிக்கு 28.

பேனாவை வெச்சுட்டு உள்ள போயி மெஷினை மிதிச்சேன். துணி இல்ல, நூலும் இல்ல. ஊசி சும்மா எறங்கி ஏறிக்கிட்டே இருந்துச்சு. அவன் பலகைக்கு முன்னாடியே உக்காந்திருந்தான். இருட்டினதும் போனான். மறுநாள் வந்து உக்காந்தான். நான் மெஷினை மிதிச்சுக்கிட்டே இருந்தேன். அதுக்கு மறுநாளும் வந்தான்.

அவ கூடாரத்துல இருக்கறப்ப, "ஏங்க, தாகம், நம்ம கெணத்துத் தண்ணி ஒரு வாய் கொண்டாங்க, இங்க குடுக்கறது மருந்து வாடை"ன்னு கேட்டா. நான் போத்தல்ல கொண்டு போயிக் குடுத்தேன். இதை யார்கிட்டயும் சொன்னதில்ல. மசாவுசோ தோண்டினான். நான் கொண்டு போயிக் குடுத்தேன். அதையும் சேத்து யோசிக்க வேண்டியிருந்துச்சு.

மிச்சத்தை அவனே சொல்லட்டும்.)


எஸ்நாலா, நேத்து காலையில நான் மண்வெட்டியை எடுத்துக்கிட்டுக் கெணத்துக்குப் போனேன். தனியா மூடிரலாம்னு. அதுக்கு முன்னாடி தெருவைக் கூப்பிட்டேன். கூடாரத்துல அன்னிக்கு இருந்தவங்க எல்லாரையும் பேரு சொல்லிக் கூப்பிட்டேன். "மீன் இல்ல. எஸ்நாலா ஒரு தப்பும் பண்ணல. என் கெணறு. என் குழி. அவ மேல பழியைப் போட்டது நான்"னு சொன்னேன். பின்னாடி நின்னவங்களுக்குக் கேக்கலைன்னு ரெண்டாவது தடவையும் சொன்னேன்.

மக்காச்சோளம் விக்குமே தெரேசா, அது மட்டும் முன்னாடி வந்து, "அந்தத் தண்ணியிலதானேடா எங்கம்மாவுக்குக் கஞ்சி வெச்சேன்"னு கேட்டு என் காலு மேல துப்பிட்டுப் போச்சு. நியாயந்தான். நான் தொடைக்கல.

முதல் மண்ணைத் தள்ளினேன். பின்னாடி ஒரு மண்வெட்டிச் சத்தம். திரும்பினா கங்வா. தையக்காரன் மண்வெட்டி புடிக்கற அழகைப் பாக்கணுமே, கரண்டி புடிக்கற மாதிரி புடிச்சிருந்தான். என் மொகத்தைப் பாக்கல. மண்ணைப் பாத்துக்கிட்டே சொன்னான்: "எலி திங்கறவனுக்குக் குழி தோண்டத்தான் தெரியும். மூடறதுக்கு நாங்கதான் வரணும், மச்சான்."

நான் பதில் சொல்லணும். அதுதானே முறை? அவன் ஒண்ணு சொன்னா நான் ஒண்ணு சொல்லணும், ரெண்டு பேரும் கோவிச்சுக்கக் கூடாது. மண்வெட்டியை ஊனிக்கிட்டு நின்னேன்.

"சொல்லுடா"ன்னான்.

"கொரங்கு..."ன்னு ஆரம்பிச்சேன்.

"ம். அது போதும்"னான்.

(போதாது. ஒண்ணு பாக்கி வெச்சிருக்கான்.)

பொழுது சாயற வரைக்கும் போட்டோம். பாதி மூடினப்ப குனிஞ்சு, "மலீதா"ன்னு கூப்பிட்டேன். முன்னெல்லாம் நின்னு நிதானமா "லீதா"ன்னு சொல்லும்ல? இப்ப "தா"ன்னு சுருக்கமா சொல்லுச்சு. இன்னும் பத்து வாளி மண்ணு போட்டுக் கூப்பிட்டேன். சொல்லல. அதுக்கப்புறம் நான் கூப்பிடல.

இன்னிக்கு நாமுகோலோ அம்மாவைப் போயிப் பாத்து, அன்னிக்குச் சொன்னது பொய்யின்னு ஒத்துக்கிட்டேன். அது திட்டும்னு நின்னேன். "வேற எந்தெந்தக் குழி நிறையலை?"ன்னு கேட்டுச்சு. நான் தோண்டினதுல இன்னும் ஏழு இருக்கு. ஒவ்வொண்ணாக் காட்டப் போறேன். ஒவ்வொரு வாசல்லயும் இதையே சொல்லணும். தண்ணி லாரி ஒண்ணு நம்ம தெருவுக்கு அனுப்பறேன்னு சொல்லிருக்கு. வந்தாத்தான் நிஜம்.

அதனால இப்ப வான்னு சொல்ல எனக்கு வாய் இல்ல. இங்க குடிக்கத் தண்ணியே தூரத்துல இருக்கு. உன் தட்டை மட்டும் கழுவி வெச்சேன், கொழாய்த் தண்ணியில.

மசாவுசோ


சிப்பாட்டா
1993 ஏப்ரல் 11

மலீதாவின் அப்பாவுக்கு,

கங்வா அண்ணாவுக்கு முதலில். அண்ணா, கடைசித் தாகத்துக்கு நீங்கள் கொண்டுபோய்க் கொடுத்தீர்கள். அக்கா கேட்டதைக் கொடுத்தீர்கள். நான் வந்ததும் அக்காவின் குழிமேட்டுக்கு என்னைக் கூட்டிப் போக வேண்டும். வழியெல்லாம் என்னைக் கேலி செய்துகொண்டே வரக் கூடாது, நான் தங்கச்சி.

இனி உங்களுக்கு. உங்கள் கடிதத்தை நான்கு நாள் மடித்து வைத்திருந்தேன். சித்தப்பா, "அந்த ஊருக்கா திரும்பப் போற? தண்ணியே வெசமா இருக்கற ஊருக்கா?" என்று கேட்டார். இங்கே ஊற்றுத் தண்ணீர் இருக்கிறது. பால் இருக்கிறது. மலீதாவின் கால் தேறிவிட்டது. எல்லாம் இருக்கிறது. ஆனாலும் சாயங்காலம் யாராவது பாதையில் பேசிக்கொண்டு வந்தால், நடுவில் கதை வேறெங்கோ போகிறதா என்று காது கொடுத்துக் கேட்கிறேன். இங்கே எல்லோரும் சுருக்கமாகப் பேசுகிறார்கள்.

ஏழு வாசலுக்கும் நீங்கள் தனியாகப் போக வேண்டாம். இதற்குள் எத்தனை வாசலுக்குப் போய்விட்டீர்களோ போகட்டும், மிச்சத்துக்கு நானும் வருகிறேன். லாரி வராவிட்டால் குழாய் வரிசையில் நான் நிற்கிறேன். கொதிக்க வைக்காத தண்ணீர் நம் வீட்டுக்குள் வரக் கூடாது. அதில் மட்டும் நான் சொல்வதுதான்.

கிணறு மூடியதை மலீதாவிடம் சொன்னேன். அழுவாள் என்று பார்த்தேன். அழவில்லை. "அப்ப என் பேரை யாரு திருப்பிச் சொல்லுவாங்க?" என்று கேட்டாள்.

வியாழக்கிழமை பஸ்ஸில் வருகிறோம். நிறுத்தத்துக்கு வாருங்கள். எங்களைப் பார்த்ததும் நீங்கள் முந்திக்கொண்டு கூப்பிட்டுவிடாதீர்கள். அவள் ஜன்னலில் தலையை நீட்டித் தன் பெயரைக் கூப்பிடுவாள். நீங்கள் திருப்பிச் சொன்னால் போதும்.

எஸ்நாலா